பதக்கத்தில் ஒரு முரட்டுச் சிறுவனின் பெயர்

விளையாட்டில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு தருவது உலக வழக்கம். ஓட்டத்தில் முந்தியவருக்கும், உயரம் தாண்டியவருக்கும், கோப்பையை வென்ற அணிக்கும் கைதட்டல் கிடைக்கிறது. அது நியாயமே. ஆனால், தோற்றபோதும் முகம் சுளிக்காமல் எதிரணியினரைப் பாராட்டியவளுக்கு என்ன பரிசு? தன்னைவிடத் திறமை குறைந்த தோழியைக் கேலி செய்யாமல், அருகிருந்து கற்றுக் கொடுத்தவளுக்கு என்ன பரிசு? நடுவரின் தீர்ப்பு மனத்துக்கு ஒவ்வாதபோதும் வாய் திறவாமல் தன் இடத்துக்குத் திரும்பியவளுக்கு என்ன பரிசு?

இக்கேள்விகளுக்கு அமெரிக்க நாட்டின் பல உயர்நிலைப் பள்ளிகள் ஒரு விடை வைத்திருக்கின்றன. கல்வியாண்டு முடியும் தறுவாயில் அங்கு நடைபெறும் பரிசளிப்பு விழாக்களில் 'பேப் ரூத் விளையாட்டுப் பண்பு விருது' என்ற ஒன்று வழங்கப்படுகிறது. பல பள்ளிகளில் இறுதி வகுப்பிலிருந்து ஒரு மாணவனும் ஒரு மாணவியும் இதனைப் பெறுகின்றனர். அதிகப் புள்ளிகள் எடுத்தவர் யார் என்று கணக்குப் பார்த்து இவ்விருது தரப்படுவதில்லை. ஆடுகளத்தில் நேர்மையும் பணிவும் தோழமையும் காட்டியவர் யார் என்று பார்த்தே தரப்படுகிறது.

பரிசு நல்லதுதான். ஆனால் அதற்குச் சூட்டப்பட்டுள்ள பெயரைச் சற்று ஆராய்ந்தால் நமக்கு வியப்பு உண்டாகும். யார் இந்தப் பேப் ரூத்? நற்பண்புக்கு இலக்கணமாக வாழ்ந்தவரா? இல்லை என்பதே உண்மை. ஆயினும் அவர் பெயர் இப்பதக்கத்துக்கு மிகவும் பொருத்தமானது என்று நாம் கருதுகிறோம். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஆட்டமும் ஆட்டக்காரரும்

பேஸ்பால் என்பது அமெரிக்கர்களின் உள்ளங்கவர்ந்த விளையாட்டு. அதனைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அணிக்கு ஒன்பது பேர். மட்டை உருண்டையாக இருக்கும். மைதானத்தில் சதுரமாக நான்கு தளங்கள் உண்டு. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, மற்ற மூன்று தளங்களையும் தொட்டுப் புறப்பட்ட தளத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். நன்றாக வீசப்பட்ட பந்துகளில் மூன்றைத் தவறவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். மாறாக, வீச்சாளர் நான்கு பந்துகளைத் தவறாக வீசிவிட்டால் மட்டையாளர் சும்மாவே முதல் தளத்துக்குப் போய்விடலாம். பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் பறக்கவிட்டால் அது 'ஹோம் ரன்'. நம் ஊர்ச் சிறுவர்கள் சிக்சருக்குக் கூவிக் களிப்பது போல, அமெரிக்கச் சிறுவர்கள் ஹோம் ரன்னுக்குத் துள்ளிக் குதிப்பார்கள்.

இந்த ஹோம் ரன்னில் மன்னராக விளங்கியவர்தாம் பேப் ரூத். 1920-இல் அவர் 54 ஹோம் ரன்கள் அடித்தார். 1921-இல் 59, 1927-இல் 60. ஓய்வு பெற்ற 1935-ஆம் ஆண்டில் அவருடைய மொத்தக் கணக்கு 714. இந்த எண்ணைத் தாண்ட உலகம் 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஹாங்க் ஆரன் அதனைத் தாண்டினார். அவரையும் 2007-இல் பாரி பாண்ட்ஸ் தாண்டினார். பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு 1936-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் ரூத்தும் ஒருவர்.

எழு வயதில் ஒரு பள்ளி

இவருடைய இயற்பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் இவரும் ஒரு தங்கையுமே பிழைத்தனர். தந்தை மதுக்கடை நடத்தி வந்தார். பிள்ளையைக் கவனிக்க வீட்டில் எவருக்கும் நேரமில்லை. துறைமுகத்துக்கு அருகிலிருந்த தெருக்களே ஜார்ஜுக்குப் பள்ளிக்கூடம். புகையிலை மெல்லவும், வண்டிக்காரர்கள் மீது கல்லெறியவும், பள்ளிக்குப் போகாமல் ஒளியவும் அந்தப் பிஞ்சு வயதிலேயே பழகிவிட்டான். 'திருத்த முடியாதவன்' என்று முத்திரை குத்தி, 1902 ஜூன் 13-இல் அவனைப் புனித மரியாள் தொழிற்பள்ளியில் சேர்த்தார்கள். அப்போது அவனுக்கு வயது ஏழு!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. ஏழில் வளையுமா என்பதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அப்பள்ளியை நடத்திய துறவறச் சகோதரர்களுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் 1839-இல் பெல்ஜிய நாட்டில் தொடங்கப்பட்ட சவேரியார் சகோதரர்கள் சபையைச் சேர்ந்தவர்கள். எந்தச் சவேரியார்? 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, பரதவ மக்களின் குழந்தைகளைக் கூட்டி மறைக்கல்வி போதித்த அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தாம். அவர் பெயர் தாங்கிய சபையினர் கடல்கடந்து அமெரிக்காவில் அநாதைகளையும் முரட்டுப் பிள்ளைகளையும் வளர்த்து வந்தனர் என்று அறியும்போது நமக்கு ஓர் உரிமை உணர்வு தோன்றுகிறது அன்றோ?

பள்ளியில் ஏறத்தாழ எண்ணூறு சிறுவர்கள் இருந்தனர். ஜார்ஜ் அங்கே சட்டை தைக்கும் தொழிலைக் கற்றான். ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருந்தவர் அருட்சகோதரர் மத்தியாஸ். ஆறடிக்கும் மேல் உயர்ந்த ஆஜானுபாகு. அவர் குரலை உயர்த்திப் பேசுவது அரிது. உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. மாலை வேளைகளில் அவர் மைதானத்தில் நின்று பந்தை வானளாவ அடிப்பாராம். அதைச் சிறுவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்களாம். அவர்களுள் நம் ஜார்ஜும் ஒருவன். அவர் நடப்பது போலவே நடக்கவும், அவர் மட்டையைச் சுழற்றுவது போலவே சுழற்றவும் அவன் கற்றுக்கொண்டான்.

கேலிக்குக் கிடைத்த மருந்து

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். ரூத்தின் வரலாற்றைக் கூறும் நூல்களில் இது இடம்பெற்றிருக்கிறது. ஒரு நாள் பள்ளி ஆட்டத்தில், ஜார்ஜின் அணிப் பந்து வீச்சாளனை எதிரணியினர் விளாசித் தள்ளினார்கள். தன் அணித் தோழன் திணறுவதைக் கண்டு ஜார்ஜ் விழுந்து விழுந்து சிரித்தான். அருட்சகோதரர் மத்தியாஸ் அவனை அடிக்கவில்லை. மைதானத்தை விட்டு விரட்டவுமில்லை. "அப்படியானால் நீ போய் வீசு" என்ற பொருளில் அவனையே வீச்சாளன் நிற்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

இதுவன்றோ உண்மையான தண்டனை! பிறர் படும் பாட்டைக் கண்டு நகைத்தவனை, அந்தப் பாடு எப்படிப்பட்டது என்று அறியச் செய்தார் அந்த ஆசான். விளையாட்டுப் பண்பின் முதல் பாடமும் இதுதான். எதிரில் இருப்பவரின் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்பது. அப்படிப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கேலி தானாகவே வாயில் அடங்கிவிடும். அந்நிகழ்ச்சியில் இன்னொரு நன்மையும் விளைந்தது. ஜார்ஜ் சிறந்த பந்து வீச்சாளன் என்பது அன்றுதான் வெளிப்பட்டது. 1914-இல் பால்டிமோர் அணியினர் அவரைத் தேடி வந்து ஒப்பந்தம் செய்ததும் அந்த வீச்சுக்காகவே. அணியின் உரிமையாளர் ஜாக் டன்னுக்குப் பின்னால் செல்லும் இந்தப் புதிய இளைஞரை மற்றவர்கள் 'டன்னின் குழந்தை' என்று அழைக்க, 'பேப்' என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

அதன்பின் ஜார்ஜ் உத்தமராகிவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. 1917 ஜூன் 23-இல் பாஸ்டன் அணிக்காகப் பந்து வீசிய ரூத், முதல் மட்டையாளருக்கு நான்கு தவறான பந்துகள் வீசியதாக நடுவர் கூறியதும் வெகுண்டெழுந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். ரூத் நடுவரைக் கைநீட்டி அடித்தே விட்டார்! அபராதமும் தடையும் அவருக்கு விதிக்கப்பட்டன. அவருக்குப் பதிலாக வந்த எர்னி ஷோர் என்ற வீச்சாளர், கிடைத்த சில நிமிடங்களில் கையைச் சூடாக்கிக்கொண்டு, எதிரணியில் ஒருவர் கூட ஓட்டம் எடுக்காதவாறு ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். கோபக்காரர் வெளியே உட்கார்ந்திருக்க, அமைதியாக வந்தவர் வரலாற்றில் இடம்பெற்றார்.

1925-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்தபோது, இரவு நேரக் களியாட்டங்களுக்காகவும் கட்டுப்பாட்டை மீறியதற்காகவும் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்து அணியிலிருந்து நிறுத்தி வைத்தார். உருவத்தில் ஹக்கின்ஸ் மிகச் சிறியவர். புகழில் ரூத் மலை. ஆனால் ஹக்கின்ஸ் அசையவில்லை. மலைதான் வளைந்து மன்னிப்புக் கேட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பெண் பிள்ளைகளாகிய நாங்கள் மறக்க முடியாத செய்தியும் ஒன்று உண்டு. 1931 ஏப்ரல் 2-இல் சட்டநூகா நகரில் நடந்த நட்பு ஆட்டத்தில், ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண் பந்து வீசினாள். ரூத்தை அவள் ஆட்டமிழக்கச் செய்தாள். அடுத்து வந்த மாபெரும் வீரர் லூ கெரிக்கையும் ஆட்டமிழக்கச் செய்தாள். ரூத் மட்டையை வீசியெறிந்துவிட்டுச் சென்றார். அது மெய்யான ஆட்டமா, மக்களைக் கவர முன்னரே பேசி வைத்த வேடிக்கையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எதுவாயினும், பெண்களின் மென்மையான உடல் இந்த ஆட்டத்துக்கு ஏற்றதன்று என்ற பொருளில் ரூத் பேசியதாகப் பத்திரிகைகள் எழுதின. இன்றோ அவர் பெயர் பொறித்த விருதை எத்தனையோ பள்ளிகளில் மாணவியரும் கைநீட்டிப் பெற்றுக்கொள்கிறார்கள். காலம் செய்யும் நீதி இதுதான் போலும்!

அப்படியானால் ஏன் இவர் பெயர்?

விளையாட்டுப் பண்புக்குப் பெயர் தேடினால் அப்பழுக்கற்றவர்கள் வேறு உண்டு. போர்ட்டோ ரீக்கோவைச் சேர்ந்த ராபர்ட்டோ கிளமென்ட்டே, நிலநடுக்கத்தால் வாடிய நிகராகுவா மக்களுக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டு சென்றபோது 1972 டிசம்பர் 31-இல் விமான விபத்தில் உயிர் நீத்தார். பெரிய அணிகளில் விளையாடும் வீரர்களுள் பிறருக்குத் தொண்டு செய்பவருக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் விருது தரப்படுகிறது. அது தகுந்த பெயர் என்பதில் ஐயமில்லை. ரூத்தின் பெயராலும் வேறொரு விருது உண்டு. 1949 முதல் நியூயார்க் பேஸ்பால் எழுத்தாளர்கள், இறுதிக்கட்ட ஆட்டங்களில் மிகச் சிறப்பாக ஆடிய வீரருக்கு அதனைத் தருகின்றனர். ஹோம் ரன் மன்னரின் பெயரைத் திறமைக்கான பரிசுக்குச் சூட்டியது யாவர்க்கும் எளிதில் விளங்கும். பள்ளிப் பிள்ளைகளின் நற்பண்புக்குச் சூட்டியதுதான் சிந்திக்க வைக்கிறது.

முதற்காரணம், குழந்தைகள் மீது அவர் கொண்டிருந்த அன்பு. எந்த ஊருக்குப் போனாலும் மருத்துவமனைகளிலும் அநாதை இல்லங்களிலும் இருந்த சிறுவர்களைத் தேடிச் செல்வார். 1919-இல் அவர் படித்த பள்ளியில் பெருந்தீ ஏற்பட்டது. அடுத்த ஆண்டில், பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவினரைத் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று, பள்ளியை மீண்டும் கட்ட நிதி திரட்ட உதவினார். நாடே கொண்டாடும் வீரராகிவிட்ட பிறகும், தாம் சட்டை தைத்த இடத்தை அவர் மறக்கவில்லை. அருட்சகோதரர் மத்தியாஸையும் மறக்கவில்லை. தாம் அறிந்த மனிதர்களுள் மிகப் பெரியவர் அவரே என்று பிற்காலத்தில் சொன்னார்.

இரண்டாவது, தோல்வியை அவர் எடுத்துக்கொண்ட விதம். 714 ஹோம் ரன்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அவர் மூன்று பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழந்தது 1,330 முறை என்பதைச் சிலரே சொல்வார்கள். ஹோம் ரன்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! அக்காலத்தில் அதுவும் ஒரு சாதனைதான். அத்தனை முறை தலைகுனிந்து திரும்பியவர், அடுத்த முறை அதே துணிவோடு மட்டையைச் சுழற்ற வந்தார். தோல்வி என்பது வீட்டுக்குப் போகச் சொல்லும் மணி அன்று. மீண்டும் வரிசையில் நிற்கச் சொல்லும் மணி என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மூன்றாவது, அவருடைய கடைசி நாள்கள். 1946-இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. 1947 ஏப்ரல் 27-ஆம் நாளைப் 'பேப் ரூத் நாள்' என்று கொண்டாடினார்கள். யாங்கீ விளையாட்டரங்கில் திரண்டிருந்த பல்லாயிரம் பேர் முன், நோயினால் கம்மிய குரலில் அவர் பேசினார். பேசியது தம் சாதனைகளைப் பற்றி அன்று. இந்த ஆட்டம் சிறுவர்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான். வறிய சிறுவர்களுக்கு உதவ அவ்வாண்டிலேயே ஓர் அறக்கட்டளையும் தோன்றியது. நோய்ப்படுக்கையில் இருந்தபோது முன்பின் அறியாத ஒரு சிறுவன் அனுப்பிய மாதாவின் அற்புதப் பதக்கத்தை அவர் தம் இரவு உடையில் குத்தி வைத்திருந்தார். உலகத்தின் பதக்கங்கள் எத்தனையோ பெற்றவர், இறுதியில் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டது அந்தச் சிறு பதக்கத்தை! 1948 ஆகஸ்டு 16-இல், தமது 53-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

பதக்கம் சொல்லும் பாடம்

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். நடுவரை அடித்தவரின் பெயரை நற்பண்புக்குரிய பரிசுக்கு வைக்கலாமா? வைக்கலாம் என்றே நாம் சொல்கிறோம். விளையாட்டுப் பண்பு யாருக்கும் பிறவியிலேயே வாய்ப்பதன்று. அது கற்றுக்கொள்வது, மறந்துவிடுவது, விழுந்தபின் எழுந்து மீண்டும் கற்றுக்கொள்வது. புனிதர் ஒருவரின் பெயர் அப்பதக்கத்தில் இருந்தால், "நமக்கெங்கே அது எட்டும்?" என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள். 'திருத்த முடியாதவன்' என்று ஏழு வயதில் தள்ளப்பட்ட ஒருவனின் பெயர் இருப்பதால், வகுப்பில் மிகவும் கோபக்காரி என்று பெயரெடுத்தவளும் அதனை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கலாம்.

"பண்பை எப்படி அளப்பது? ஓட்டத்துக்குக் கடிகாரம் உண்டு, தாண்டுதலுக்கு அளவு நாடா உண்டு. இதற்கு என்ன உண்டு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி சரியானதே. தவறாகக் கொடுத்தால் இது ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைக்குரிய பரிசாகவோ, ஒன்றும் வெல்லாதவளுக்குத் தரும் ஆறுதல் பரிசாகவோ மாறிவிடும். ஆனால் பண்புக்கும் சாட்சிகள் உண்டு. எதிரணியில் ஆடியவர்களைக் கேட்டால் தெரியும். மாற்று ஆட்டக்காரியாக ஆண்டு முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். தண்ணீர் கொண்டு வந்தவளுக்கு நன்றி சொன்னது யார், தோற்ற அன்று அழுதவளின் தோளில் கை வைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகாது.

நம் பள்ளியிலும் இத்தகைய பரிசு ஒன்று ஏற்படுத்தலாமே என்பது எங்கள் வேண்டுகோள். பெரிய கோப்பை வேண்டியதில்லை. சிறு பதக்கம் போதும். அதற்கு அயல்நாட்டு வீரரின் பெயரும் வேண்டியதில்லை. ஆனால் அதனைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிரணியில் ஆடிய தோழியரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பெற்றோர்களும் விளையாட்டு விழா முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனையாவது இடம்?" என்று கேட்பதோடு, "யாரோடு சிரித்துப் பேசிவிட்டு வந்தாய்?" என்றும் கேட்டால் நன்றாயிருக்கும்.

பால்டிமோர் தொழிற்பள்ளி 1950-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அங்கே ஒரு துறவி கற்பித்த பாடம் கடல் கடந்தும் நம்மை வந்தடைந்திருக்கிறது. பேப் ரூத்தின் பெயர் தாங்கிய விருதில் அருட்சகோதரர் மத்தியாஸின் பெயர் இல்லை. அவர் அதை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். கேலி செய்து சிரித்த ஒரு சிறுவனைக் கைவிடாமல், அவனை மைதானத்தின் நடுவில் நிறுத்திக் கையில் பந்தைக் கொடுத்த பெருமை அவருக்கே உரியது. நம்மையும் அவ்வாறு கைவிடாமல் நிறுத்தி வைத்திருக்கும் ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் நமக்கு வாய்த்திருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்த பந்தை நேர்மையாக வீசுவோம், தோழியரே!

— மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு